ஊஞ்சலுக்குக் காசு இருக்கு, ஊஞ்சல்கிட்ட நிக்கிற ஆளுக்கு?

போன இதழ்ல, இங்க மலேசியாவுல பண்டாரான், அதாவது ஊராட்சி மன்றம், இளைஞர் நடவடிக்கைக்கும் பிள்ளைங்க விளையாட்டுக்கும் சின்னச் சின்ன மானியம் கொடுக்குது, யாரும் கேக்கிறதில்லன்னு ரெண்டு வரி எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்கு வந்த கேள்வி ஒரு கட்டு. எழுதினவங்க பாதிப்பேரு தோட்டத்த விட்டு வந்து தாமான்ல (வீடமைப்புப் பகுதியில) குடியிருக்கிறவங்க, மீதிப்பேரு இன்னும் தோட்டத்துலயே இருக்கிறவங்க. நானும் சுத்தி செம்பனை, நடுவுல ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டேஷன்னு இருக்கிற இதே மாதிரி ஊர்தான், 11 வருஷம் இளைஞர் மன்றத்துக்குப் பொருளாளரா இருந்தவன். அதனால இந்தத் தடவ சமையல், ஜாதகம், கடன் கேள்வியெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இது மட்டும்தான்.

கேள்வி: எங்க தாமான் பிளேகிரவுண்டுல ரெண்டு ஊஞ்சல். ஒன்னு சங்கிலி அறுந்து ஒரு வருஷம் ஆச்சு, இன்னொன்னுல உக்கார்ற பலகை வெடிச்சு என் மகளுக்குத் தொடையில கீறிடுச்சு. வீட்டுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) போட்டு நாங்களே செஞ்சிடலாம்னு பேசிக்கிறோம். செய்யலாமா? — ரெண்டு பிள்ளைக்குத் தாய்

பதில்: காசு போடாதீங்கம்மா, நீங்க ஏற்கனவே போட்டாச்சு. பிப்ரவரி கடைசிக்குள்ள ஒரு தடவ, ஆகஸ்டு கடைசிக்குள்ள ஒரு தடவ சுக்காய் பிந்து (வீட்டு வரி) கட்டுறீங்கல்ல, புல்லு வெட்டுறது, லோங்காங் (சாக்கடை) சுத்தம் பண்றது, திடலப் பராமரிக்கிறது இதெல்லாம் அந்தக் காசுக்குள்ளதான் வருது.

ஆனா மொதல்ல அந்தத் திடல் யார் பொறுப்புல இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். வீடு கட்டின கம்பெனி திடல பண்டாரான்கிட்ட ஒப்படைச்சாச்சா இல்லையான்னு லேண்ட்ஸ்கேப் இலாகாவுல போய்க் கேளுங்க, ஒப்படைக்காம இழுத்துக்கிட்டு இருந்தா பண்டாரான்ல அது எங்களுது இல்லன்னு சொல்வாங்க, கம்பெனியில நாங்க எப்பவோ முடிச்சிட்டோம்னு சொல்வாங்க, நடுவுல உங்க ஊஞ்சல் அப்படியேதான் தொங்கும். ஒப்படைச்சாச்சுன்னு தெரிஞ்சா எழுத்துல அடுவான், அதாவது புகார், கொடுங்க. தெரிஞ்சவருக்கு வாட்சாப்ல படம் அனுப்பினது அடுவான் ஆகாது, நம்பர் வாங்கணும், நம்பர் இருந்தாதான் அடுத்த மாசம் போய் என்னாச்சுன்னு கேக்க முடியும். படம் எடுக்கும்போது பக்கத்துல இருக்கிற விளக்குக் கம்பத்து நம்பரும் தெரியிற மாதிரி எடுங்க, எந்தத் திடல்னு தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

அதுவரைக்கும் அறுந்த சங்கிலிய மேல கம்பியோட சுத்திக் கட்டி வைங்க, வெடிச்ச பலகையக் கழட்டச் சொல்லி அடுவான்லயே எழுதுங்க. நீங்களா வாங்கி மாட்டின ஊஞ்சல்ல ஒரு பிள்ள விழுந்து கை ஒடிஞ்சா பேச்சு உங்க வீட்டு வாசலுக்குத்தான் வரும், அதுக்காகச் சொல்றேன்.

இன்னொன்னு, பண்டாரானோட கூட்டத்த பொதுமக்கள் போய் உக்காந்து பார்க்கலாம்னு 1976ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்துலயே இருக்கு, இந்தக் கூட்டத்துக்கு வெளியாள் வேணாம்னு அவங்களே தீர்மானம் போட்டாத்தான் முடியாது. நாலு தாய்மார் ஒரு தடவ போய் பின்வரிசையில உக்காந்து பாருங்க.

கேள்வி: எங்க ஏரியா கவுன்சிலர் யாருன்னே தெரியலை. நாங்க எப்பய்யா அவருக்கு ஓட்டுப் போட்டோம்? — 22 வருஷமா வரி கட்டுறவர்

பதில்: போடலைங்க ஐயா. ஊராட்சித் தேர்தல 1965ல நிறுத்தினாங்க, 1976 சட்டம் வந்தப்புறம் எல்லாமே நியமனம்தான், மாநில அரசாங்கம் 8 பேருக்குக் குறையாம 24 பேருக்கு மேல போகாம நியமிக்குது. அதனால உங்க கவுன்சிலர் பேரு உங்க சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துல கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். மானியத்துக்குக் கடிதம் கொடுக்கும்போது அவருக்கும் ஒரு பிரதி வைங்க.

கேள்வி: நாங்க 20 பசங்க, நாலு வருஷமா சேர்ந்து பந்து விளையாடுறோம், சின்னப் பிள்ளைங்களுக்கும் சனிக்கிழமை சொல்லிக் கொடுக்கிறோம். மானியம் கேக்கப் போனா பதிவு இருக்கா, பேங்க் கணக்கு இருக்கான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. எங்க போய்ப் பதியிறது? — மன்றத்துச் செயலாளர்னு நானே சொல்லிக்கிறவன், வயசு 24

பதில்: தம்பி, மொதல்ல சந்தோஷம், நாலு வருஷமா சனிக்கிழமைய விட்டுக் கொடுக்கிறது சின்ன வேலையில்ல.

மூனு கதவு இருக்கு. சங்கமாப் பதியணும்னா சங்கப் பதிவிலாகா, 1966 சங்கச் சட்டம், 7 பேரு இருந்தா போதும், இப்ப ஆன்லைன்லயே செய்யலாம். இளைஞர் அமைப்பாப் பதியணும்னா அதுக்குத் தனியா 2007 இளைஞர் அமைப்புச் சட்டம், அதுக்குன்னு தனிப் பதிவாளர் இருக்காரு. விளையாட்டுக் கழகம்னா 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம், விளையாட்டு ஆணையர் அலுவலகம். மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்துக்குப் போய் உக்காந்தீங்கன்னா கடைசி ரெண்டுக்கும் வழி சொல்வாங்க. உங்களுக்கு என்னோட யோசனை, பந்து மட்டும்தான் எங்க வேலைன்னா விளையாட்டுக் கழகம், நாளைக்கு டான்ஸ், டிராமா, பாட வகுப்பு, லீவு முகாம் எல்லாம் செய்யணும்னு ஆசை இருந்தா சங்கம், இல்லன்னா இளைஞர் அமைப்பு.

இளைஞர் அமைப்புன்னா வயசு பார்த்துக்கோங்க. முன்ன 15லயிருந்து 40 வரைக்கும் இளைஞர், 2019ல நாடாளுமன்றத்துல சட்டத்தத் திருத்தி மேல் வயச 30ஆ இறக்கினாங்க, அமலுக்கு வர்றது 2026 ஜனவரி 1ன்னு அறிவிச்சாங்க. நம்ம ஊர்ப்பக்கம் இளைஞர் மன்றத் தலைவருக்கே 45 வயசு இருக்கும், இனிமே அது நடக்காது. உங்க வயசுக்கு இது நல்லதுதான், பெரியவங்கள ஆலோசகரா வச்சுக்கிட்டு நீங்களே முன்னாடி நில்லுங்க.

பதிவு வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சிடாதீங்க. சங்கப் பதிவுன்னா ஆண்டுக்கூட்டம் நடந்து 60 நாளைக்குள்ள அறிக்கை அனுப்பணும், எத்தனையோ தோட்டத்து மன்றம் நல்லா ஆடிக்கிட்டு இருக்கும்போதே இதச் செய்யாம விட்டு பதிவு ரத்தாயிருக்கு. பேங்க்ல கணக்குத் திறக்கப் பதிவுக் கடிதமும் கூட்டக் குறிப்பும் கேப்பாங்க, ரெண்டு பேரு கையெழுத்து இல்லாம காசு எடுக்க முடியாதபடி திறங்க.

பதிவு வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேணாம், உங்க தாமான்ல ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) இருக்கான்னு பாருங்க. 1975ல ராத்திரிக் காவலுக்குன்னு ஆரம்பிச்சது, 2012ல தனிச் சட்டமே வந்துச்சு, அதுக்கு ஒற்றுமைத் துறை மூலமா நடவடிக்கைக்குக் காசு வருது. பல இடத்துல வயசானவங்க நாலு பேருதான் அதுல இருப்பாங்க, இளவட்டம் வந்து கேட்டா வேணாம்னு சொல்ல மாட்டாங்க. அவங்க பேர்ல ஒரு திட்டம் நடத்திக் காட்டுங்க, அந்தப் படமும் கணக்கும் நாளைக்கு உங்க சொந்த மனுவுக்கு ஆதாரம்.

கேள்வி: நாங்க இந்தியர், எங்களுக்குத்தான் மித்ரா இருக்கே, பண்டாரான்கிட்ட ஏன் போகணும்? — கோயில் கமிட்டியில இருக்கிறவர்

பதில்: மித்ராவுக்கும் போங்க. 2014ல செடிக்னு ஆரம்பிச்சு 2018ல மித்ரான்னு பேரு மாறின அந்த அரசாங்கப் பிரிவுக்கு வருஷத்துக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்குறாங்க, அது நாடு பூரா இருக்கிற நம்மவங்களுக்கு, படிப்பு, தொழில், மருத்துவம்னு எத்தனையோ தேவைக்கு. பண்டாரான் காசு வேற. அது இந்த ஊருக்குள்ள வீடு வச்சிருக்கிறவன், கடை வச்சிருக்கிறவன் கட்டின வரி. நாம அங்க போய் நிக்கிறது இந்தியர்ங்கிறதால இல்ல, அந்தத் தாமான்ல குடியிருக்கிறவன்ங்கிறதால. அந்தக் கதவ நாமளே தட்டாம விட்டா நம்ம தெருப் பிள்ளைங்களுக்கு வரவேண்டிய பங்கு வராது, அவ்வளவுதான். முடிஞ்சா பக்கத்து மலாய்க்கார, சீனக் குடும்பத்துப் பிள்ளைங்களையும் சேர்த்துத் திட்டம் போடுங்க, ஒரே திடல்லதானே விளையாடுதுங்க.

கேள்வி: போன வருஷம் 10,000 வெள்ளி கேட்டு எழுதினோம், கிடைச்சது 1,500, அதுவும் ஜெர்சிக்குன்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஜெர்சி வாங்கியாச்சு, படம் எடுத்தாச்சு, ஆனா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல, ரெண்டு மாசத்துல எல்லாம் நின்னு போச்சு. எப்படி எழுதியிருக்கணும்? — கைப்பந்துக் குழுப் பொறுப்பாளர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமாச் சொல்றேன்.

காசு கொடுக்கிறவங்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கிறது சுலபம். ஜெர்சி, பந்து, கூடாரம், சறுக்குமரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பெரிய அட்டை செக் பிடிச்சுப் படம் எடுக்கலாம், கணக்குல எழுத ஒரே ரசீது போதும். வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் வந்து பிள்ளைங்களோட நிக்கிற ஒரு ஆளுக்குக் கொடுக்கிற காசு எந்தப் படத்துலயும் தெரியாது. ஆனா அந்த ஆள் இல்லன்னா ஜெர்சி அலமாரியிலதான் இருக்கும், நீங்களே பார்த்துட்டீங்க. அதனால மனுவுலயே அந்த ஆள எழுதணும். எலாவுன், அதாவது படிக்காசுன்னு ஒரு வரி போட்டு எத்தனை நாள், எத்தனை மணி நேரம், ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு சாயங்காலத்துக்கு 40 வெள்ளி, வாரத்துக்கு ரெண்டு நாள்னா 80 வெள்ளி, வருஷத்துல 40 வாரம்னா 3,200 வெள்ளி. ஒரு வருஷம் பூரா ஒரு தெருப் பிள்ளைங்க எல்லாம் பாதுகாப்பா விளையாட 3,200. ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் செட்டு வாங்கி இறக்க இதவிடப் பல மடங்கு ஆகும், அது பிள்ளைங்கள ஏன் அழுறன்னு கேக்காது.

எலாவுனுக்கு இடமில்லன்னு சொல்லுவாங்க, சில இடத்துல விதியே அப்படித்தான் இருக்கும். அப்ப பயிற்றுநர் கட்டணம்னு போட முடியுமான்னு அதிகாரியக் கேட்டுட்டு எழுதுங்க, மறைச்சு எதையும் எழுதாதீங்க. அதுவும் முடியாதுன்னா பொருளுக்கு பண்டாரான் காசு, ஆளுக்கு சட்டமன்ற உறுப்பினர் ஒதுக்கீடு, இல்லன்னா ஊர்க் கடைக்காரங்க நன்கொடைன்னு பிரிச்சுக் காட்டுங்க. கெர்தாஸ் கெர்ஜா, அதான் திட்டத்த விளக்கி எழுதுற தாள், நாலு பக்கத்துக்கு மேல வேணாம். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு, எந்த நாள் எத்தனை மணி, யாரு பொறுப்பு, எவ்வளவு ஆகும், அதுல உங்க பங்கு எவ்வளவு, இவ்வளவுதான். மலாய்லதான் எழுதணும், நம்ம தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யார்கிட்டயாவது கொடுத்து ஒரு தடவ சரி பார்த்துக்கோங்க. பொருளுக்கு ரெண்டு மூனு கடையில செபுட் ஹர்கா (விலை எழுதின தாள்) வாங்கி ஒட்டுங்க. பண்டாரான் கணக்கு ஜனவரியில தொடங்கி டிசம்பர்ல முடியிது, வருஷத் தொடக்கத்துலயே கடிதம் உள்ள இருக்கணும், தீபாவளி நெருங்கும்போது போனா இருந்ததெல்லாம் கொடுத்து முடிஞ்சிருக்கும்.

இப்ப ரசீது. இது என் வாயால நான் சொல்லியே ஆகணும்.

நான் பொருளாளரா இருந்தப்ப ஒரு தடவ 3,000 வெள்ளி மானியம் பாஸாச்சு, டிசம்பர் ஸ்கூல் லீவுல பிள்ளைங்களுக்கு நாலு நாள் முகாம். கடிதம் கையில வந்துடுச்சு, காசு வரலை. முகாம் தேதி வந்துடுச்சு, 46 பிள்ளைங்க பேரு கொடுத்து வீட்டுல பை எல்லாம் கட்டி வச்சிருக்குதுங்க, நிறுத்த மனசு வரலை, ரொட்டிக் கடையிலயும் பஸ்காரர்கிட்டயும் கடன் சொல்லி, என் வீட்டுக்காரி சங்கிலிய அடகுக் கடையில வச்சு நடத்திட்டோம். காசு வந்தது முகாம் முடிஞ்சு ரெண்டரை மாசம் கழிச்சு. அதுக்கப்புறம் செலவு அறிக்கை கேட்டாங்க. ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு கார் பின்சீட்டுக்குக் கீழ வச்சிருந்தேன், எடுத்துத் திறந்தா, நம்ம ஊர் வெயில்ல கார் எப்படிக் காயும்னு தெரியும்தானே, மெஷின்ல அடிச்சுக் கொடுக்கிற ரசீது மையெல்லாம் பறந்துபோய் 14 ரசீதுல 9 வெறும் வெள்ளைத்தாளா இருக்கு. ஒன்ன வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன், மைலோ 2 கிலோன்னு ஒரு வரி மட்டும் பழுப்பு நிறத்துல தெரிஞ்சுச்சு, விலை தெரியலை. அந்த 9 ரசீதுக்கும் கணக்கு ஏத்துக்கலை, அடுத்த ரெண்டு வருஷம் எங்க மன்றத்துக்கு மானியம் கிடையாதுன்னுட்டாங்க. ஒருத்தரும் திருடலை, ஒரு காசு வீணாப் போகலை, ஆனா அந்த ரெண்டு டிசம்பரும் அந்தப் பிள்ளைங்க பஸ் ஸ்டேஷன் பின்னால சுத்திக்கிட்டு இருந்தத நான் தினம் வேலை விட்டு வரும்போது பார்த்தேன்.

அதனால சொல்றேன், வாங்கின அன்னைக்கே ரசீத நகல் எடுங்க, ஒரு தாள்ல ஒட்டி எதுக்கு வாங்கினது, யாரு வாங்கினதுன்னு பேனாவால எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போன்ல படம் எடுத்துக் குழுவுல போட்டு வைங்க. கடிதம் வந்ததுமே காசு எந்தத் தேதியில கணக்குல ஏறும்னு கேட்டு எழுத்துல வாங்குங்க. காசு வராம கடன் வாங்கி நடத்தாதீங்க, தேதியத் தள்ளி வைங்க. அன்னைக்கு எனக்கு இதச் சொல்ல யாரும் இல்ல.

கேள்வி: நாங்க இன்னும் தோட்டத்து லயத்துலதான் இருக்கோம், 30 குடும்பத்துக்கு மேல. மானியம் கேட்டா தோட்டம் தனியார் நிலம், எங்களால ஒன்னும் செய்ய முடியாதுங்கிறாங்க. அப்ப எங்க பிள்ளைங்க? — பால்மரம் வெட்டி ஓய்ஞ்ச பாட்டி

பதில்: பாட்டி, அவங்க சொல்றதுல பாதி உண்மை. தனியார் நிலத்துல அரசாங்கக் காசுல பிளேகிரவுண்டு கட்ட முடியாதுன்னுதான் பல காலமா சொல்லிட்டு வர்றாங்க, ரோடு, தண்ணி, மின்சாரத்துக்கே தோட்டத்து ஜனங்க இதே பதிலத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா நிலத்துக்குத்தான் அந்தத் தடை, பிள்ளைங்களுக்கு இல்ல. நடவடிக்கைக்குன்னு கேளுங்க, தமிழ்ப்பள்ளித் திடல்ல, பக்கத்து ஊர் பாலாய் ராயாவுல (பொது மண்டபத்துல) வச்சு நடத்துறோம், தோட்டத்துப் பிள்ளைங்கள வேன்ல கூட்டிட்டு வர்றோம்னு எழுதினா அந்த வேன் செலவையும் மனுவுல சேர்க்கலாம்.

இன்னொரு பக்கம் தோட்ட நிர்வாகத்துக்கும் கடமை இருக்கு. தொழிலாளருக்கு வீடு, அடிப்படை வசதிக்குன்னு 1990ல ஒரு சட்டம் வந்துச்சு, 446ஆம் சட்டம்னு சொல்வாங்க, சின்னப் பிள்ளைங்களுக்குக் காப்பகம் வைக்கிறதும் அதுல வருது. நம்ம ஆயாக் கொட்டகைதான் அது. உங்களுக்கு நான் சொல்லணுமா, அம்மாமாருங்க விடியக்காலம் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) போகையில தூளியோட பிள்ளைங்கள விட்டுட்டுப் போவாங்க, ஆயா ஒருத்தரு எல்லாத்துக்கும் பால் கலக்கிக் கொடுத்து, எறும்பு வராம தூளிக் கயித்துக்கு மண்ணெண்ணெய்த் துணி சுத்தி வைப்பாங்க. அந்த ஆயாவுக்குச் சம்பளம் இருந்துச்சு. பிள்ளைங்களப் பார்த்துக்க ஒரு ஆளுக்குக் காசு கொடுக்கணும்ங்கிற புத்தி நம்ம தோட்டத்துல அப்பவே இருந்துச்சு, இது புதுசா வெளியூர்ல இருந்து வந்த யோசனை இல்ல. காப்பகம் விஷயமா மாவட்டத் தொழிலாளர் இலாகாவுல கேளுங்க, வேலையில இருக்கிற உங்க மகனோ மருமகளோ தொழிற்சங்கம் மூலமா கேட்டா இன்னும் நல்லது.

கேள்வி: என் மகள் வேல்ஸ் நாட்டுல கார்டிஃப்ல படிக்கிறா. அங்க பிள்ளைங்க விளையாட இடம் போதுமா இல்லையான்னு கவுன்சில் கணக்கெடுக்கணும்னு சட்டமே இருக்குதாம், நிஜமா? — கிராணி வேலை பார்த்து ரிட்டயரானவர்

பதில்: நிஜம்தாங்க. 2010ல வேல்ஸ்ல பிள்ளைங்களுக்கும் குடும்பங்களுக்கும்னு ஒரு சட்டம் போட்டாங்க, அதன்படி ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஏரியாவுல பிள்ளைங்க விளையாட வாய்ப்பு போதுமான அளவு இருக்கான்னு மூனு வருஷத்துக்கு ஒரு தடவ பார்த்து எழுதணும், குறை இருந்தா முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணணும். இப்படிச் சட்டம் போட்ட மொத நாடு அதுதான்னு பெருமையாச் சொல்வாங்க. இங்கிலாந்துல 2006 சட்டம் ஒன்னு இருக்கு, 13லயிருந்து 19 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு ஓய்வு நேர நடவடிக்கைக்கு கவுன்சில் வழி செய்யணும்னு. ஆனா அதுல முடிஞ்ச வரைக்கும்ங்கிற ஒரு வார்த்தை இருந்துச்சு, 2010க்கு அப்புறம் அரசாங்கம் கவுன்சில் காச வெட்டினப்ப மொதல்ல அடிபட்டது இளைஞர் சேவைதான், ஊர் ஊரா யூத் கிளப் மூடினாங்க. சட்டம் மட்டும் இருந்தா போதாது, பட்ஜெட்ல வரி இருக்கணும்.

அங்க எனக்குப் பிடிச்சது வேற ஒன்னு. பிளேவொர்க்கர்னு ஒரு வேலையே இருக்கு, பிள்ளைங்க விளையாடுற இடத்துல நிக்கிறதுக்கு, இப்படி ஆடு அப்படி ஆடுன்னு சொல்லாம, ஆபத்து வராம பார்த்துக்கிட்டு நிக்கிறதுக்கு சம்பளம். டென்மார்க்ல கோபன்ஹேகன் பக்கத்துல எம்ட்ரப்ங்கிற இடத்துல 1943ல, போர் நடக்கும்போது, உடைஞ்ச பலகை, செங்கல், கயிறு எல்லாத்தையும் பிள்ளைங்ககிட்ட கொடுத்து நீங்களே கட்டி விளையாடுங்கன்னு ஒரு இடம் திறந்தாங்க, கூடவே ஒரு பொறுப்பாளரையும் வச்சாங்க. அதப் பார்த்துட்டுத்தான் பிரிட்டன்லயும் ஆரம்பிச்சாங்க. செலவுன்னு பார்த்தா பழைய பலகைக்கு என்ன செலவு, அந்த ஆளுக்குத்தான் செலவு.

நம்ம நாடும் 1995ல ஐநா பிள்ளைகள் உரிமை ஒப்பந்தத்துல சேர்ந்துச்சு. அதோட 31ஆவது பிரிவு ஓய்வும் விளையாட்டும் பிள்ளையோட உரிமைன்னு சொல்லுது. சில பிரிவ ஏத்துக்க முடியாதுன்னு சொன்ன மலேசியா, 31ஐ மறுக்கலை. மனு எழுதும்போது இந்த ஒரு வரியச் சேர்த்துக்கோங்க.

கேள்வி: அங்கிள், எங்க ஊர்ல புது ஃபுட்சால் கோர்ட் கட்டியிருக்காங்க, எல்லா நேரமும் பசங்கதான். நாங்க போனா ஒரு மாதிரி பார்க்கிறாங்க, ராத்திரி லைட்டும் பாதி எரியலை, டாய்லெட் பூட்டியே இருக்கு. இளைஞர்னா பசங்க மட்டும்தானா? — ஃபார்ம் 4 மாணவி

பதில்: இல்லம்மா. நீ எழுதினத அப்படியே மலாய்ல எழுதி அனுப்பு, லைட்டு, டாய்லெட்டு, நேரம், இந்த மூனும்தான் பிரச்சனைன்னு எந்தப் பெரிய அதிகாரியும் இவ்வளவு சரியா எழுத மாட்டாங்க. பினாங்குல 2012லயிருந்து ரெண்டு ஊராட்சி மன்றத்துலயும் பெண்களை, முதியவங்களை, உடல் குறை உள்ளவங்களைத் தனித்தனியாக் கேட்டு அவங்க தேவைய வச்சுக் காசு ஒதுக்குற முறைய ஆரம்பிச்சாங்க. பெண்களைத் தனியா உக்கார வச்சுக் கேட்டாத்தான் வாயத் திறப்பாங்கன்னு அதுல புரிஞ்சுச்சு. வாரத்துல ரெண்டு சாயங்காலம் பெண் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கச் சொல்லிக் கேளு. கூட நிக்க ஒரு அக்காவோ டீச்சரோ வேணும், அவங்களுக்கான காசையும் சேர்த்தே கேளு, தயங்காத. பத்துப் பேரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

கேள்வி: விளையாட்டுக்குக் கொடுக்கிற காச டியூஷனுக்குக் கொடுத்தா நாலு பிள்ளை முன்னேறும்ல? — அப்பா

பதில்: டியூஷனும் வேணும். காலையில 7 மணிக்குப் போன பிள்ளை 6 மணி வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தா அதுக்கு மேல அது மண்டையில என்னங்க ஏறும். உங்க பிள்ளைய ஒரு மணி நேரம் ஓட விட்டுட்டு அப்புறம் புத்தகத்தத் திறக்கச் சொல்லிப் பாருங்க.

கேள்வி: எங்க பாலாய் ராயா நல்ல கட்டடம், ஃபேன் இருக்கு, கேரம் போர்டு, பிங்பாங் மேசை எல்லாம் போன தேர்தலுக்கு முன்னாடி கொடுத்தது பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காம இருக்கு. ஜன்னல் வழியா பிள்ளைங்க எட்டிப் பார்த்துட்டுப் போவுதுங்க. சாவி யார்கிட்ட இருக்குன்னு ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. என்ன செய்றது? — தாமான் ஆத்தா, வயசு 67

பதில்: ஆத்தா, நீங்க எந்த மானியமும் கேக்க வேண்டியதில்ல, உங்களுக்கு வேண்டியது அந்தச் சாவியும் ஒரு ஆளும்தான். சாவி பெரும்பாலும் கிராமத் தலைவர்கிட்டயோ குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்கிட்டயோ இருக்கும், அவரு வேலைக்குப் போயிட்டு ராத்திரிதான் வருவாரு, அதுதான் பூட்டிக் கிடக்குது, அவர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. நீங்க மூனு பாட்டிமாருங்க சேர்ந்து, செவ்வாயும் வியாழனும் 5 மணிக்குத் திறந்து 7 மணிக்கு விளக்கு வைக்கிற நேரத்துல நாங்களே பூட்டிச் சாவியக் கொண்டு வந்து கொடுக்கிறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. உள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வைங்க, வர்ற பிள்ளைங்க பேரும் தேதியும் எழுதட்டும். மூனு மாசம் அப்படி எழுதின நோட்டோட பண்டாரானுக்குப் போனீங்கன்னா உங்க மூனு பேருக்கும் எலாவுன் கேக்க உங்ககிட்ட ஆதாரம் இருக்கும், இத்தனை நாள், இத்தனை பிள்ளைங்கன்னு.

சாவி கைக்கு வந்த அன்னைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்க, எந்த நாள் எத்தனை மணிக்குத் திறக்குறீங்கன்னு அடுத்த இதழ்ல இதே பக்கத்துல போட்டுடுறேன்.